பேய்ப் படம் எடுக்கும் இயக்குநர்களுக்கும் தயாரிப்பாளர்களுக்கும்

வணக்கம்.

போன வாரம் ஒரு புதுப் பேய்ப் படத்தை இரவுக் காட்சியில் பார்த்துவிட்டு வந்த கையோடு இதை எழுதுகிறேன். படத்தின் பெயர் வேண்டாம். சில வருடங்களாகவே பல படங்கள் இப்படித்தான் வருகின்றன என்பது உங்களுக்கே தெரியும். ரத்தத்தைக் குறையுங்கள், பயத்தைக் கொடுங்கள் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம்.

இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால் ஒருவரின் கழுத்தை அறுக்கிறார்கள். கேமரா அந்தக் கழுத்தை விட்டு நகரவே இல்லை. கத்தி இறங்குவது, தோல் பிரிவது, தொண்டையிலிருந்து வரும் அந்தச் சத்தம், எல்லாம் கிட்டத்தில். என் அம்மா சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு "முடிஞ்சுதா? முடிஞ்சுதா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பேய்க் கதை என்றால் விளக்கை அணைத்துவிட்டுப் பார்க்கிறவர் அவர். அன்றைக்கு அவருக்கு வந்தது குமட்டல். முன் வரிசையில் பல பேர் போனை எடுத்துவிட்டார்கள்.

அருவருப்பு வந்தால் கண்ணை மூடிக்கொள்கிறோம். பயம் வந்தால் கண்ணை எடுக்க முடிவதில்லை. இது உங்களுக்குத் தெரியாததா? 2009இல் வந்த 'யாவரும் நலம்' நினைவிருக்கும். மாதவன் தனியாக ஏறினால் லிஃப்ட் நகராது. வேறு யாராவது ஏறினால் நகரும். வீட்டில் பால் தினமும் கெட்டுப்போகும். டிவி தொடரில் ஒரு குடும்பத்துக்கு நடப்பது இவர்கள் வீட்டிலும் நடக்கும். பின்பாதியில் சுத்தியலும் கொலையும் வரத்தான் செய்தன. ஆனால் அந்த லிஃப்டிலேயே நாங்கள் பயந்து முடித்திருந்தோம். 2012இல் 'பீட்சா'வில் ஒரு பங்களா, ஒரு டார்ச் லைட், விஜய் சேதுபதி. டார்ச் வெளிச்சம் படாத மூலையில் என்ன இருக்கிறது என்றுதான் தியேட்டரே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. இதெல்லாம் நம் ஊரில் நீங்கள் செய்து காட்டியதுதான்.

1960இல் ஹிட்ச்காக் எடுத்த 'சைக்கோ'வின் குளியலறைக் கொலையை இன்றும் பேசுகிறோம். கறுப்பு வெள்ளைப் படம். ரத்தமாக ஓடியது சாக்லேட் சிரப். கத்தி உடம்பில் இறங்குவதை நாம் பார்த்த மாதிரி இருப்பதற்குக் காரணம் எடிட்டிங்கும் வயலினும்தான்.

தயாரிப்பாளர்களிடம் ஒன்று கேட்கிறேன். 'ஏ' சான்றிதழ் பெற்ற படத்தை டிவியில் போட முடியாது. அதனால் அதே ரத்தக் காட்சிகளை நீங்களே வெட்டி, மறுபடி தணிக்கைக்கு அனுப்பி, சான்றிதழை மாற்றி வாங்குகிறீர்கள். வெட்டிய பிறகும் கதை புரிகிறது. அப்படியானால் காசு கொடுத்துத் தியேட்டருக்கு வந்த எங்களுக்கு மட்டும் அது எதற்கு?

அப்புறம், பேய் வருவதற்கு ஒவ்வொரு தடவையும் ஒரு பெண்ணைச் சித்திரவதை செய்து கொன்றாக வேண்டுமா? அந்தக் கொடுமையைப் பத்து நிமிட ஃப்ளாஷ்பேக்காக, ஒவ்வொரு அடியையும் காட்டி எடுக்கத்தான் வேண்டுமா? மகள்களைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு பார்க்கிறவர்களை யோசித்தீர்களா? பயம் காட்டத் தெரியாத இடத்தில் சத்தத்தைக் கூட்டுகிறீர்கள், சத்தமும் போதாத இடத்தில் ரத்தத்தை ஊற்றுகிறீர்கள். இதற்குப் பெயர் உழைப்பு இல்லை.

கொஞ்சம் கடுமையாகச் சொல்லிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ரத்தமே கூடாது என்று நான் சொல்லவில்லை. கதை கேட்டால் வரட்டும். அடுத்த படத்தின் எடிட்டிங் முடிந்ததும் ரத்தக் காட்சிகளை நீக்கிவிட்டு ஒரே ஒரு முறை, படத்தைப் பற்றி எதுவும் தெரியாத நாலு பேருக்குப் போட்டுக் காட்டுங்கள். பயம் குறைந்திருந்தால் திரும்பச் சேர்த்துவிடுங்கள். குறையவில்லை என்றால், தயவுசெய்து, அப்படியே வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
முதல் வாரத்திலேயே பேய்ப் படத்துக்கு டிக்கெட் எடுக்கும் ஒரு ரசிகன்