வள்ளலார் கட்டுரைப் பரிசுக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் நடுவர்களுக்கும் வணக்கம்.

வள்ளலார் சிந்தனையில் மாணவர் ஆய்வை வளர்க்கவே இந்தப் பரிசு என்று ஆண்டுதோறும் அறிவிக்கிறீர்கள். கோலாலம்பூரில் இப்படியொரு முயற்சி நடப்பதே பெரிது. அந்த நன்றி எனக்கு என்றும் உண்டு. ஆனால் இவ்வாண்டு முடிவைப் பார்த்த பிறகு வாயை மூடிக்கொண்டிருக்க மனம் வரவில்லை.

என்னிடம் ஆறாம் படிவத்தில் (பல்கலைக்கழகத்துக்கு முந்தைய வகுப்பு) தமிழ் படிக்கும் மாணவி எடுத்துக்கொண்ட கேள்வி இது. வள்ளலாரின் பாடல் தொகுப்பான திருவருட்பாவின் முதல் நான்கு திருமுறைகள், அதாவது பகுதிகள், 1867-இல், அவர் இருக்கும்போதே அச்சேறின. ஐந்தாம் திருமுறை 1880-இல் வந்தது. சாதி, சமயப் பிரிவுகளை மறுக்கும் 'சாதியிலே மதங்களிலே' போன்ற பாடல்கள் அடங்கிய ஆறாம் திருமுறையோ 1885-இல்தான் வெளிவந்தது. 1874 ஜனவரியில் அவர் தாம் தங்கியிருந்த சித்திவளாகத்து அறைக்குள் சென்று கதவைத் தாழிட்டுக்கொண்டார்; பிறகு அவரை யாரும் காணவில்லை. ஆறாம் திருமுறை வருவதற்குள் பதினோரு ஆண்டுகள் ஓடிவிட்டன. இந்தத் தாமதம் அவரை மெய்யியலாளராகப் பார்க்கவிடாமல் பக்திக் கவிஞராக மட்டும் நிறுத்தி வைத்ததா? மேடைகளில் இந்தக் கேள்வியை யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

இதற்குப் பதிப்புகளை ஒப்பிட வேண்டும். திருவருட்பாவைப் பதிப்பித்தவர்களில் ஒருவரான பாலகிருஷ்ண பிள்ளையின் பதிப்பு மட்டுமே 12 புத்தகங்கள். தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தரும் மதுரைத் திட்டத்தின் மின்பதிப்பில் பாடல்கள் கிடைக்கின்றன. ஆனால் இணையப் பிரதி செல்லாது, அச்சு நூலின் பக்க எண் வேண்டும் என்பது உங்கள் விதி. சரி, விதிதான். பழைய பதிப்பு இருந்த நூலகத்தில் அதை இரவல் தரமாட்டார்கள்; அங்கேயே உட்கார்ந்து பார்க்க வேண்டும். அந்தப் பிள்ளை பந்திங்கிலிருந்து பஸ் ஏறி, கிள்ளானில் கேடிஎம் ரயில் பிடித்து வருவாள். சனிக்கிழமை பேரங்காடியில் கல்லாவில் நிற்கும் வேலை. நூலகத்துக்கு வந்தால் அன்றைய சம்பளம் போச்சு. மதியம் கதவு சாத்திவிடுவார்கள். தாள் நொறுங்கும் என்று நகலெடுக்க விடாததால் பாடல்களைப் பென்சிலால் நோட்டில் எழுதினாள். வீட்டில் பணம் கேட்கவில்லை. கேட்கும் நிலையிலும் இல்லை. ஒரு கட்டத்தில் வருவதை நிறுத்திக்கொண்டு, இருந்ததை வைத்துக் கட்டுரையை முடித்தாள்.

நீங்கள் அனுப்பிய முடிவுக் கடிதத்தில் ஒரே வரி: "மூலநூல் சான்று போதாது."

ஐயா, அது போதாதுதான். போதுமான அளவு தேட அவளுக்கு வழி எங்கே இருந்தது? அதனால்தான் கேட்கிறேன்: பரிசுத் தொகையில் ஒரு பகுதியை ஆய்வுக்கு முன்பணமாகக் கொடுங்கள். முதல் பரிசு 3,000 ரிங்கிட் என்கிறீர்கள். ஒரு பக்க ஆய்வுத் திட்டத்தை முதலில் வாங்குங்கள். நல்ல கேள்வியோடு வரும் ஐந்து பேருக்குத் தலா 300 ரிங்கிட் கொடுத்தாலும் பாதித் தொகை மிஞ்சும். ரசீது கேளுங்கள், கொண்டுவந்து தருகிறோம்.

பரிசளிப்பு விழாவை நினைத்தால் வயிறு எரிகிறது. வரிசையாகப் பொன்னாடை, மாலை, பிரமுகர்களின் நீண்ட உரை, ஆளுயரக் காசோலை அட்டை. வென்ற கட்டுரையில் ஒரு பத்தியைக்கூட யாரும் படித்துக் காட்டவில்லை. நம் சமூகத்தில் எல்லா விழாவுமே இப்படித்தான் ஆகிவிட்டது; மண்டபத்துக்குப் பணம் இருக்கும், புத்தகத்துக்கு இருக்காது. 1867 மே 23-இல் வடலூரில் தருமச்சாலையைத் தொடங்கியவர், வந்தவரின் சாதியையும் சமயத்தையும் விசாரிக்காமல் முதலில் பசியைத் தீர்க்கச் சொன்னார். அவர் பெயரில் நடக்கும் பரிசு, வசதியுள்ள வீட்டுப் பிள்ளை மட்டுமே எட்டக்கூடியதாக இருப்பதை எப்படி ஏற்றுக்கொள்கிறீர்கள்?

கோபத்தில் சொல் தடித்திருந்தால் பொறுத்தருளுங்கள். அடுத்த ஆண்டு அறிவிப்பு வரும் முன் குழு ஒருமுறை கூடி, முன்பணம் பற்றி முடிவெடுக்க வேண்டுகிறேன். அந்த மாணவியின் கட்டுரையையும் நடுவர் குறிப்புகளோடு திருப்பி அனுப்புங்கள். அவள் அதை விடவில்லை. மேற்கொண்டு எழுத விரும்புகிறாள்.

பணிவன்புடன்,
ஒரு தமிழாசிரியர், கோலாலம்பூர்