பதில் சொல்பவருக்கும் பாதிப் பங்கு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கதைகளிலும் திரைப்படங்களிலும் நாம் கண்ட நண்பர் இணைகளில் மிகச் சிறந்தது எது என்று தங்கள் நாளிதழின் வாசகர் பக்கத்தில் நடந்துவரும் விவாதத்தைத் தொடர்ந்து படித்துவருகிறேன். பெரும்பாலான கடிதங்கள் 'தளபதி' (1991) படத்தின் சூர்யாவையும் தேவாவையும், 'ஷோலே' (1975) படத்தின் ஜெய்யையும் வீருவையும் முன்னிறுத்துகின்றன. நண்பனுக்காக உயிரையும் கொடுக்கத் துணிவதே ஓர் இணையின் பெருமை என்ற எண்ணம் அக்கடிதங்களின் அடியில் இருக்கிறது. கவுண்டமணி–செந்தில் இணையைக் குறிப்பிட்டவர்கள்கூட அவர்களைச் சிரிப்புக்கான தனி வரிசையில் ஒதுக்கிவிட்டு, அங்கேயும் 'கவுண்டமணி நகைச்சுவை' என்றே எழுதியிருக்கிறார்கள். இந்த இரண்டையும் நான் மறுக்கிறேன். முதலிடம் இவர்களுக்கே உரியது. அந்த முதலிடத்தில் செந்திலுக்குச் சரிபாதிப் பங்கு உண்டு.

உயர்ந்த நட்பு என்பதையும் சிறந்த இணை என்பதையும் ஒன்றாக வைத்துப் பேசுவதால்தான் இந்த விவாதம் தடம் மாறுகிறது என்று நினைக்கிறேன். கோப்பெருஞ்சோழனும் பிசிராந்தையாரும் ஒருவரையொருவர் நேரில் காணாமலே நண்பர்களாக இருந்தார்கள்; சோழன் வடக்கிருந்து, அதாவது வடக்கு நோக்கி அமர்ந்து உண்ணாநோன்பிருந்து உயிர்விட முனைந்தபோது, பிசிராந்தையாருக்கென ஒதுக்கி வைத்த இடத்தைத் தேடிப் பாண்டிய நாட்டிலிருந்து புலவர் வந்து சேர்ந்ததைவிட உயர்ந்த நட்பை நம் இலக்கியத்தில் காட்டுவது கடினம். ஆனாலும் அவர்களை நாம் இணை என்று சொல்வதில்லை. அருகருகே நின்று, பேசி, முரண்பட்டு, கோபித்துக்கொண்டு, மறுநாளும் அதே திண்ணையில் வந்து உட்காரும் இருவரைத்தான் அப்படி அழைக்கிறோம். சூர்யாவும் தேவாவும், ஜெய்யும் வீருவும் ஒரு கதைக்காகப் பிறந்தவர்கள். படம் முடிவதற்குள் இருவரில் ஒருவர் இறந்துவிடுகிறார். அந்த மரணத்தின் துயரம்தான் நம் நினைவில் அந்த நட்பைப் பெரிதாக்குகிறது. அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் கதையை எடுத்துவிட்டால் அவ்விருவரும் நமக்கு என்ன மிச்சமாவார்கள் என்று கேட்டுப் பார்க்க வேண்டும்.

கதை மாறினாலும், ஊரும் தொழிலும் மாறினாலும், இருவரும் சேர்ந்து நின்ற மாத்திரத்தில் அதே உயிர் மீண்டும் வருமானால் அதுவே இணை என்பது என் அளவுகோல். 'வைதேகி காத்திருந்தாள்' (1984) படத்தில் சைக்கிளும் பெட்ரோமாக்ஸ் விளக்கும் வாடகைக்கு விடும் கடையில் அவர்களைப் பார்த்தோம். 'கரகாட்டக்காரன்' (1989) படத்தில் ஊர் ஊராகப் போகும் ஆட்டக் குழுவில் பார்த்தோம். 'ஜென்டில்மேன்' (1993) படத்தில் அப்பளக் கம்பெனியில் பார்த்தோம். 'நாட்டாமை' (1994) படத்தில் உறவையே தலைகீழாக்கி, செந்திலை அப்பாவாகவும் கவுண்டமணியை மகனாகவும் நடிக்க வைத்தார்கள். அப்போதும் திட்டுபவர் மகன், திட்டு வாங்குபவர் அப்பா! உறவு மாறியும் அவரவர் இடம் மாறவில்லை. எங்கள் பக்கத்தில் ஏர் மாடு வாங்கும்போது இடத்து மாடு எது, வலத்து மாடு எது என்று கேட்டுத்தான் வாங்குவார்கள். பழகிய பக்கத்தை மாற்றிக் கட்டினால் எவ்வளவு வலுவான மாடும் தடுமாறும். இந்த இருவரும் அப்படித் தத்தம் பக்கத்தை அறிந்தவர்கள்.

'கரகாட்டக்காரன்' படத்தின் வாழைப்பழக் காட்சியை எல்லோரும் பார்த்திருப்பதால் அதையே எடுத்துக்கொள்கிறேன். ஒரு ரூபாயைக் கொடுத்து இரண்டு பழம் வாங்கிவரச் சொல்கிறார் கவுண்டமணி. செந்தில் இரண்டு வாங்கி, ஒன்றைத் தின்றுவிட்டு, ஒன்றைக் கொண்டுவந்து கொடுக்கிறார். இன்னொன்று எங்கே என்று கேட்டால், கையிலிருப்பதைக் காட்டி அதுதான் இது என்கிறார். காட்சியின் சரக்கு இவ்வளவுதான். இதில் கேள்வி கேட்பவர் ஒவ்வொரு முறையும் மாறுகிறார்: முதலில் சாதாரணமாகக் கேட்கிறார், பிறகு கணக்குச் சொல்லிக் கேட்கிறார், பிறகு சுற்றி நிற்பவர்களைத் துணைக்கு அழைக்கிறார், கடைசியில் கையை ஓங்குகிறார். பதில் சொல்பவர் மட்டும் சொல்லும் மாறாமல், குரலும் உயராமல், முகத்தில் கள்ளமும் தெரியாமல் அதே பதிலைத் தருகிறார். செந்தில் அந்தப் பதிலை ஒரு முறையாவது கொஞ்சம் சிரிப்போடு சொல்லியிருந்தால், 'நான் ஏமாற்றுகிறேன்' என்பதைப் பார்வையாளருக்குக் கண்ணால் காட்டியிருந்தால், கவுண்டமணியின் கோபம் வெறும் கூச்சலாகச் சுருங்கியிருக்கும். அசையாத அந்தப் பதில்தான் அந்தக் கோபத்துக்கு நியாயம் தருகிறது. இதை ஒருவரது நகைச்சுவை என்று எப்படி எழுத முடியும்?

'வைதேகி காத்திருந்தாள்' படத்தின் பெட்ரோமாக்ஸ் விளக்குக் காட்சியிலும் இதே வேலைப்பாடுதான். விளக்கின் உள்ளே ஒளிரும் வலை போன்ற மேன்டில் எப்படி எரிகிறது என்று கேட்கும் செந்திலின் ஐயம் உண்மையான ஐயமாக இருக்கிறது. தெரிந்துகொள்ள வேண்டும் என்ற ஆசையோடு தொட்டுப் பார்த்து அதைப் பொடியாக்கிவிடுகிறார். எல்லாம் தெரிந்தவன் என்று பலகை மாட்டிக்கொண்டவரிடம் ஏதும் அறியாத ஒருவர் வந்து நின்று, ஒரு கேள்வியால் அந்தக் கடையின் வியாபாரத்தையே கெடுத்துவிடுகிறார். இவ்விரண்டு படங்களின் நகைச்சுவைப் பகுதிகளையும் எழுதியவர் ஏ. வீரப்பன். அவர் பெயர் உங்கள் வாசகர்களின் கடிதங்களில் ஒன்றில்கூட இடம்பெறாதது எனக்கு மிகுந்த வருத்தம் அளித்தது.

இவர்களைத் தமிழ்நாட்டின் லாரல்–ஹார்டி என்று சொல்வது பழைய வழக்கம். அந்த ஒப்பீட்டை உடல்வாகோடு நிறுத்திவிடுகிறோம். லாரல் இங்கிலாந்தின் வடபகுதியில் பிறந்தவர், ஹார்டி அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தவர். தனித்தனியே நடித்துக்கொண்டிருந்த இருவரும் 1927 அளவில் இணையாகி, நூற்றுக்கும் மேற்பட்ட படங்களில் சேர்ந்து தோன்றினார்கள். திரையில் ஹார்டி ஆணையிடுவார், லாரல் விழிப்பார். திரைக்குப் பின்னால் பெரும்பாலான வேடிக்கைகளை யோசித்து அமைத்தவர் அந்த விழிக்கும் லாரல்தான். 1932-ஆம் ஆண்டு வெளிவந்து ஆஸ்கர் விருது பெற்ற அவர்களது குறும்படத்தில், ஒரு பியானோவை நீண்ட படிக்கட்டு வழியாகப் பாடுபட்டு மேலே ஏற்றுகிறார்கள். மேலே வர வேறு சாலை இருக்கிறது என்று ஒருவர் சொன்னதும், அதைத் திரும்பக் கீழே இறக்கி, வண்டியில் ஏற்றி, அந்தச் சாலை வழியாகக் கொண்டுவருகிறார்கள். ஒருவரே செய்தால் அதை அறியாமை என்போம். இருவர் கலந்து பேசி, ஒப்புக்கொண்டு, கடமை உணர்ச்சியோடு செய்யும்போதுதான் அது கலையாகிறது. 1957-இல் ஹார்டி மறைந்த பிறகு, 1965 வரை உயிரோடிருந்த லாரல் மீண்டும் நடிக்க மறுத்துவிட்டார். இணையின் மதிப்பை அவரைவிட அறிந்தவர் யார்?

ஆர்தர் கோனன் டாயிலின் துப்பறியும் கதைகளில் வரும் ஷெர்லாக் ஹோம்ஸ்–வாட்சன் இணையை முன்மொழிந்த வாசகருக்கும் இதையே சொல்வேன். 1887 முதல் வந்த அக்கதைகளில் பெரும்பாலானவற்றை வாட்சனே சொல்கிறார். 1926-இல் வெளிவந்த இரண்டு கதைகளை ஹோம்ஸ் தன் வாயாலேயே சொல்கிறார். அவற்றைப் படித்துப் பார்த்தால், வியந்து கேட்க ஆளில்லாத அறிவு எவ்வளவு உலர்ந்துபோகிறது என்பது விளங்கும்.

கேட்பவரின் கலைக்கு நம் மண்ணிலேயே சான்று இருக்கிறது. தாராபுரம் தந்த நாகேஷ், 'காதலிக்க நேரமில்லை' (1964) படத்தில் பாலையாவுக்குப் பேய்க்கதை சொல்லும் காட்சியை நினைத்துப் பாருங்கள். பேசுபவர் முழுக்க நாகேஷ். ஆனால் நாம் பார்த்துக்கொண்டிருப்பது பாலையாவின் முகத்தை. அவர் மிரள மிரளத்தான் கதை பெரிதாகிறது. அவர்கள் இருவரும் தொடர்ந்து இணையாகப் பல படங்களில் வராததால் அவர்களை நான் போட்டியில் சேர்க்கவில்லை.

நண்பர்கள் சிலர் சத்யராஜ்–மணிவண்ணன் இணைக்கே முதலிடம் தர வேண்டும் என்கிறார்கள். இருவருமே கோவைப் பகுதியினர் என்பதால் எங்கள் ஊர்க்காரர்களுக்கு அவர்கள்மேல் தனி உரிமை உண்டு, எனக்கும் உண்டு. 'அமைதிப்படை' (1994) படத்தில் வாக்கு எண்ணிக்கை ஏற ஏற, சத்யராஜ் ஏற்ற அமாவாசை என்ற பாத்திரம் நாற்காலியில் உட்காரும் விதம் மாறுவதும், அதை மணிவண்ணன் பக்கத்திலிருந்து கவனிப்பதும் தமிழ்ச் சினிமாவில் இருவர் சேர்ந்து செய்த மிகச் சிறந்த காட்சிகளில் ஒன்று. தலைவர் தொண்டராவதையும் தொண்டர் தலைவராவதையும் ஒரு நாற்காலியை வைத்துச் சொல்லிவிட்டார்கள். எனினும் அவர்கள் இருவருமே கெட்டிக்காரர்கள், இருவருமே நையாண்டி செய்பவர்கள். ஒருவருடைய வசனத்தை மற்றவர் பேசினாலும் காட்சி ஓரளவு நிற்கும். அந்த ஒரு காரணத்தால் அவர்களை இரண்டாமிடத்தில் வைக்கிறேன். இளைய வாசகர்கள் போற்றும் பார்த்திபன்–வடிவேலு இணையும் நல்ல இணையே. ஆனால் அதில் ஒருவர் எப்போதும் மடக்குகிறார், மற்றவர் எப்போதும் மாட்டிக்கொள்கிறார் என்பதால் விளையாட்டின் முடிவு முன்பே தெரிந்துவிடுகிறது.

கவுண்டமணி–செந்தில் காட்சிகளில் உதையும் வசவும் மிகுதி, நிறத்தையும் உருவத்தையும் இழிவுபடுத்தும் சொற்கள் வருகின்றன என்று ஓர் ஆசிரியை எழுதியிருந்தார். அவர் சொல்வது சரி. நிறத்தைச் சொல்லித் திட்டும் வசனங்களைக் குழந்தைகள் பள்ளியில் திருப்பிச் சொல்லும்போது அதனால் புண்படும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்தச் சொற்களை எந்தப் புகழ்ச்சியாலும் மூட முடியாது, மூடவும் கூடாது. ஆனால் அந்தக் காட்சிகளில் வெல்பவர் யார் என்பதையும் அவர் பார்க்க வேண்டுகிறேன். பெரும்பாலும் தோற்றுப்போவது அடிப்பவர்தான். பதவி, அனுபவம், ஊரில் உள்ள மரியாதை எல்லாம் 'அண்ணே' என்று பணிவோடு தொடங்கும் ஒரு கேள்வியில் கவிழ்ந்துவிடுகின்றன. வாதத்தில் தோற்றபின் மிஞ்சுவது கை ஓங்குவது ஒன்றே. பெரியவர்களை எதிர்த்து ஒரு சொல் பேசத் தயங்கும் ஊர்களில் வளர்ந்த எங்களுக்கு, அந்தப் பணிவான கேள்வி எவ்வளவு பெரிய விடுதலையாக இருந்தது என்பதை நான் அறிவேன்.

கவுண்டமணி உடுமலைப்பேட்டையை அடுத்த வல்லகுண்டாபுரத்தில் பிறந்தவர். செந்தில் முதுகுளத்தூர்ப் பக்கத்துக் கிராமத்தவர். ஒருவர் குரல் உச்சத்தில் வெடிக்கும், மற்றவர் குரல் தாழ்ந்து இழுத்து வரும். அதனால்தான் படம் பார்க்காமல் ஒலிநாடாவில் கேட்டபோதும் யார் பேசுகிறார்கள் என்ற குழப்பம் யாருக்கும் வந்ததில்லை. டீக்கடையிலும் பேருந்திலும் பனியன் கம்பெனி இரவு வேலையிலும் அந்த ஒலிநாடாக்களைக் கேட்டே மனப்பாடம் செய்தவர்கள் எங்கள் மாவட்டத்தில் ஏராளம். எங்கள் ஊர்க்காரர் என்பதற்காகக் கவுண்டமணியை மட்டும் தூக்கிப் பிடிப்பதை நான் விரும்பாததற்கும் இதுவே காரணம்: அந்தக் குரல் ஓங்கி ஒலிக்க எதிரே ஒரு தாழ்ந்த குரல் தேவைப்பட்டது, அது தென்கிழக்கே நெடுந்தொலைவிலிருந்து வந்தது.

இன்னொரு செய்தியையும் இதோடு சேர்த்தே சொல்ல வேண்டும். பொன்னர்–சங்கரை ஒரு வாசகர் பட்டியலில் சேர்த்திருந்தார். அவர்கள் உடன்பிறந்தவர்கள், கொங்கு நாட்டில் அண்ணன்மார் சாமிகளாகக் கும்பிடப்படுபவர்கள். அவர்களைத் திரைப் பாத்திரங்களோடு வரிசைப்படுத்த எனக்கு மனம் ஒப்பவில்லை. ஆனால் அந்தக் கதையைப் பாடுபவர்களைப் பற்றிப் பேசலாம். உடுக்கடித்துப் பாடும் முதற்பாடகரும், அவர் விட்ட இடத்தில் சொல்லை வாங்கி, 'ஆமா, அப்புறம்?' என்று கேட்டு, வேண்டிய இடத்தில் இன்னொரு பாத்திரமாகவே மாறிப் பதில் சொல்லும் துணைப்பாடகருமாக, இருவர் சேர்ந்துதான் இரவு இரவாக அக்கதையை நடத்துவார்கள். கனடாவைச் சேர்ந்த மானிடவியலாளர் பிரெண்டா பெக் 1965-இல் காங்கேயம் பகுதியில் இக்கதையை ஒலிப்பதிவு செய்தபோது கிடைத்ததும் இப்படி இருவர் குரலில் பாடப்பட்ட கதைதான். திரையில் நாம் கொண்டாடும் கேள்வியும் பதிலும் இந்த ஊர்களின் கோயில் வாசலில் நெடுங்காலமாகக் கேட்டவையே என்பதால், கவுண்டமணி–செந்திலை எங்கள் மக்கள் முதல் காட்சியிலேயே தங்களவர்களாக ஏற்றுக்கொண்டதில் எனக்கு வியப்பில்லை.

தங்களிடம் எனக்கு இரண்டு வேண்டுகோள்கள். விவாதத்தின் முடிவை வெளியிடும்போது இணைகளின் பெயர்களில் இருவர் பெயரையும் ஒரே அளவு எழுத்தில் அச்சிட்டு, நகைச்சுவைப் பகுதிகளை எழுதியவர் யார் என்று தெரிந்த இடங்களில் அவர் பெயரையும் சேர்க்க வேண்டும். அடுத்து, மாசி மாதத்தில் அண்ணன்மார் கோயில் விழாக்களைப் பற்றித் தங்கள் நிருபர்கள் எழுதும்போது, முதற்பாடகரின் படத்தை மட்டும் எடுத்துக்கொண்டு திரும்பிவிடாமல், பக்கத்தில் அமர்ந்து பதில் பாடுபவரிடமும் பேசி, அவர் பெயரையும் ஊரையும் கேட்டு எழுத வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
உடுமலைப்பேட்டை