எஃப்ஓபி விலை கொடுக்கும் முன்

குழு நண்பர்களுக்கு வணக்கம். ஏற்றுமதி செய்யும் நம்மில் பலர் கன்டெய்னர் சரக்குக்கும் பழக்கத்தில் ‘எஃப்ஓபி சென்னை’ (சென்னையில் கப்பலில் ஏற்றித் தரும் விலை) என்றே விலை கொடுக்கிறோம். தயவுசெய்து இதை மாற்றுங்கள். எஃப்ஓபியில் சரக்கு கப்பலில் ஏறும் வரை சேதம் விற்பவர் தலையில்தான். மணலியில் ஒரு சிஎஃப்எஸ்ஸில் (துறைமுகத்துக்குப் போகும் முன் கன்டெய்னர் சரக்கைக் கையாளும் கிடங்கு) ஒப்படைத்த பிறகு சரக்கு நம் கையில் இல்லை. டிசம்பர் மழையில் அங்கே தண்ணீர் புகுந்தாலும் நஷ்டம் நமக்கே. எஃப்சிஏ (கேரியரிடம் ஒப்படைக்கும் வரைக்கான விலை) என்று, ஒப்படைக்கும் இடத்தையும் சேர்த்து எழுதினால், வாங்குபவர் நியமித்த கேரியரிடம், அதாவது சரக்கைக் கொண்டுசெல்லும் நிறுவனத்திடம், ஒப்படைத்ததும் ரிஸ்க் அவருடையது. எல்சிக்கு (வாங்குபவரின் வங்கி தரும் பண உறுதி) ஆன்போர்டு பிஎல் (சரக்கு கப்பலில் ஏறியதைக் காட்டும் ரசீது) வேண்டுமே என்று தயங்க வேண்டாம், இந்த விலை முறைகளுக்கான சர்வதேச விதித் தொகுப்பான இன்கோடெர்ம்ஸ் 2020-இல் அதற்கு வழி உண்டு, ஒப்பந்தத்திலேயே பேசிவிடுங்கள். அப்புறம் டிடிபி (வரியும் கட்டி வாங்குபவர் இடத்தில் சேர்க்கும் விலை): வாங்குபவர் நாட்டு இறக்குமதி வரியும் நாம்தான் கட்ட வேண்டும். யாராவது கேட்டால், சரி சொல்லும் முன் குழுவில் போடுங்கள்.