ஒரு வாளி நல்ல தண்ணீருக்கு நன்றி

அப்பாவோடு நேற்று இரவு அரக்கோணம் வந்து சேர்ந்துவிட்டோம். நன்றாக இருக்கிறார். செருப்பில்லாமல் நடந்ததில் வலது காலில் வந்த கொப்புளம் மட்டும் இன்னும் ஆறவில்லை. அதைக் காட்டி, "இது எப்போ வந்துச்சு?" என்று என்னிடமே கேட்கிறார்.

மறதி வியாதியுள்ள அப்பா விசாகப்பட்டினத்தில் காணாமல்போன அந்த நாலு மணி நேரத்தை மறுபடி எழுத எனக்குத் தெம்பில்லை. அப்பாவின் படத்தைப் பகிர்ந்து, அங்கே யாரையெல்லாமோ தூக்கத்திலிருந்து எழுப்பிய உங்களுக்கு அது தெரிந்ததுதான். எல்லோருக்கும் ஒரே மூச்சில் நன்றி சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். லாட்ஜில் இருந்த தம்பி, வாடகை வாங்க மறுத்த மூன்று ஆட்டோக்காரர்கள், கரையோரம் தேடிப் போன மீன்காரப் பெண்கள், எங்களோடு கூடவே அலைந்து தமிழில் பேசி அம்மாவைத் தேற்றிய நகரிக்காரப் போலீஸ்காரர், எல்லோருக்கும். காலை நேரத்தில் பீச் ரோட்டில் வண்டிகளை விடுவதில்லையாம். அந்த ஏற்பாட்டைச் செய்த புண்ணியவான் யாரோ, அவருக்கும் ஒரு கும்பிடு. அப்புறம் கடற்படை விமானப் பிரிவில் அப்பாவோடு வேலைபார்த்த ஸ்க்வாட்ரன் மாமாக்கள். கொச்சியிலிருந்து பேசிய ஒருவர்தான், "கடலைப் பாக்காதம்மா, பிளேனைப் போய்ப் பாரு" என்றார்.

பிளேனுக்கு அடியில்தான் இருந்தார்.

அரக்கோணத்துக்காரர்களுக்கு டியு-142 என்ற அந்தக் கடற்படை விமானத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. அந்த நாட்களில் இங்குள்ள ராஜாளி கடற்படைத் தளத்திலிருந்து அது கிளம்பினால் எங்கள் வீட்டு அலமாரியில் டம்ளர்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும். சோவியத் ரஷ்யாவிலிருந்து 1988ல் கோவாவுக்கு வந்தவை, மொத்தம் எட்டு. 1992ல் இங்கே மாற்றினார்கள். அப்பாவும் அவற்றின் பின்னாலேயே வந்துவிட்டார். விமானத்தின் உடற்பகுதியைப் பராமரிக்கும் ஏர்ஃபிரேம் பகுதியில் வேலை. நாலு எஞ்சின், ஒவ்வொன்றுக்கும் எதிரெதிராகச் சுற்றும் இரண்டு புரொப்பெல்லர். நீர்மூழ்கிகளைத் தேடி இந்தியப் பெருங்கடல் முழுக்கப் போய்வரும். 29 வருஷம், 30,000 மணி நேரம், ஒரு விபத்து கிடையாது. இதைச் சொல்லும்போது அப்பா நிமிர்ந்து உட்காருவார். மற்ற எண்களெல்லாம் போய்விட்டன, என் மகன் எத்தனாவது படிக்கிறான் என்பது உட்பட. இது மட்டும் இருக்கிறது.

2017 மார்ச் 29ந்தேதி ராஜாளியிலேயே அவற்றுக்கு விடைகொடுத்தார்கள். வேலையைப் பி-8ஐ விமானங்கள் எடுத்துக்கொண்டன. ஒன்று விசாகப்பட்டினத்துக்குப் பறந்துபோய், பாகம் பாகமாகப் பிரிக்கப்பட்டு, கடற்கரைச் சாலையில் மறுபடி பூட்டப்பட்டு, அந்த வருஷ டிசம்பரிலேயே அருங்காட்சியகமானது. எதிர்ப்பக்கம் மணலில் குர்சுரா நீர்மூழ்கி. வேட்டைக்காரனையும் இரையையும் ரோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நிறுத்திவைத்த மாதிரி என்று என் கணவர் சொன்னார். அப்பா சிரிக்கவில்லை.

முதல் நாள் சாயங்காலம் குடும்பத்தோடு போனோம். பிள்ளைகள் விமானத்தின் வயிற்றுக்குள் போய் இந்தப் பக்கம் ஏறி அந்தப் பக்கம் இறங்கினார்கள். கடலில் போட்டு நீர்மூழ்கியின் சத்தத்தைக் கேட்கும் சோனோபாய்களைப் பார்த்துவிட்டு, "இது தாத்தா செஞ்சதா?" என்றாள் சின்னவள். அப்பா வெளியே சக்கரத்துக்குப் பக்கத்திலேயே நின்றார். "கடல் காத்துல நிறுத்தியிருக்காங்களே, உப்பு ஏறுமே" என்றார். மூன்று தடவை சொன்னார். நான், "சரிப்பா, வாங்க, ஐஸ்கிரீம் சாப்பிடலாம்" என்றேன்.

இதை எழுதும்போது கூச்சமாக இருக்கிறது. கடல்மேல் தாழப் பறந்து திரும்பும் விமானத்தை நல்ல தண்ணீரால் கழுவி உப்பை எடுப்பது அவர் வருஷக்கணக்காகச் செய்த வேலை. ஒரு விஷயம் தெரிந்த மனிதர் அந்த விஷயத்தைச் சொன்னார். எனக்கு அது வியாதிப் பேச்சாகக் கேட்டது.

மறுநாள் விடியலில் அவர் அந்த வேலையைச் செய்யத்தான் போயிருக்கிறார்.

அங்கே பெருக்கும் அம்மாவின் பெயரை எழுத மாட்டேன். நேரத்துக்கு முன்னால் ஆளை உள்ளே விட்டாய் என்று அவரை யாரும் கேட்கக் கூடாது. ஐம்பது வயதிருக்கும். சேலைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை. கேட்டைத் திறந்து வேலையை ஆரம்பித்தவர் திரும்பிப் பார்த்தால், ஒரு பெரியவர் சக்கரத்துக்கு முன்னால் குந்தி வேட்டி நுனியால் துடைத்துக்கொண்டிருக்கிறார். முதலில் சத்தம் போட்டிருக்கிறார். அப்பாவுக்குத் தெலுங்கு வராது. சக்கரத்தின் இரும்புக் காலில் ஒரு விரலைத் தேய்த்து, நாக்கில் வைத்து, "உப்பு" என்றிருக்கிறார்.

தெலுங்கிலும் அது உப்புதான்.

அந்த அம்மாவும் விரலைத் தேய்த்து நாக்கில் வைத்துப் பார்த்தாராம். தன் வீட்டுத் தகரக் கதவு இரண்டு வருஷத்துக்கு மேல் தாங்குவதில்லை, அவருக்குத் தெரியாதா உப்பைப் பற்றி? போய் ஒரு மஞ்சள் துணியும் ஒரு வாளித் தண்ணீரும் கொண்டுவந்தார். அப்பா அதையும் நக்கிப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டார். போர் தண்ணீர், அதுவே கரிப்பு. அந்த அம்மா வாளியைக் கவிழ்த்துவிட்டு, தான் நாள் முழுக்கக் குடிப்பதற்காக வைத்திருந்த கேனிலிருந்து ஊற்றிக் கொடுத்தார்.

எனக்கு அங்கேதான் பேச்சு நின்றுவிடுகிறது. துணி கொடுத்தது சரி. அழுக்குத் தண்ணீர் போதும், இவருக்கு என்ன தெரியப்போகிறது என்று அவர் நினைக்கவில்லை. மாற்றிக் கொடுத்தார்.

நாங்கள் ஓடிப்போனபோது அப்பா ஒரு சக்கரத்தை முடித்துவிட்டு அடுத்ததில் இருந்தார். வேறெங்கும் அலையாமல் அங்கேயே இருந்ததற்கு அந்த வாளிதான் காரணம். அந்த அம்மா கொஞ்ச தூரத்தில் பெருக்கிக்கொண்டே ஒரு கண்ணை அவர் மேல் வைத்திருந்தார். பணத்தை நீட்டினேன், கையைத் தட்டிவிட்டார். நகரிக்காரரிடம் தெலுங்கில் ஏதோ சொன்னார். "மீதிச் சக்கரத்தையும் முடிச்சிட்டுக் கூட்டிட்டுப் போகச் சொல்றாங்க" என்றார் அவர். இருபது நிமிஷம் காத்திருந்தோம். என் அம்மா அந்தத் தரையிலேயே உட்கார்ந்து அழுது தீர்த்தாள்.

போலீஸ்கார அண்ணா, இந்த மடலை அவருக்கு நீங்கள்தான் தெலுங்கில் சொல்ல வேண்டும். இதையும் சேர்த்துச் சொல்லுங்கள்: வீட்டில் அப்பா ராத்திரியில் ஸ்கூட்டரைத் துடைக்கப் போனால் துணியைப் பிடுங்கி ஒளித்துவைப்பவள் நான். இனிமேல் பிடுங்க மாட்டேன். வாசல் விளக்கைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வேன்.

மஞ்சள் துணி எங்களோடு வந்துவிட்டது. அப்பா இடுப்பில் சொருகியிருந்ததை ரயிலில்தான் பார்த்தேன். துவைத்துக் கொடியில் போட்டிருக்கிறேன். அடுத்த முறை வரும்போது அதோடு புதிதாக நாலும் ஒரு பெரிய தண்ணீர் கேனும் கொண்டுவருகிறோம். எப்போது என்று கேட்டால் அப்பா, "துணி காயட்டும்" என்கிறார்.