பிளாக்செயின் எடைத்தட்டில் தொடங்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

விளைபொருள் விற்பனைக்கு பிளாக்செயின், அதாவது ஒருமுறை எழுதியதைப் பின்னால் யாரும் சத்தமில்லாமல் திருத்த முடியாத கம்ப்யூட்டர் பதிவேடு, வருவது பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். திருப்புல்லாணிப் பக்கம் மானாவாரியில் முண்டு என்கிற குண்டு மிளகாய் போடுகிற எங்களுக்கு அது வந்தே ஆக வேண்டும்.

ராமநாதபுரம் முண்டுக்கு 2023-ல் புவிசார் குறியீடு, அதாவது இந்த மண்ணின் சரக்குக்கு மட்டுமே இந்தப் பெயர் என்ற சட்டப் பாதுகாப்பு, கிடைத்தது. ஆனால் மூட்டை ஊரைத் தாண்டியதும் வேறு வத்தலைக் கலந்து முண்டு என்று விற்றால் கேட்பாரில்லை. களத்திலிருந்து கடை வரை ஒவ்வொரு கைமாற்றமும், யாரும் பின்னால் திருத்த முடியாதபடி பதிவானால், பத்து குவிண்டால் உள்ளே போன இடத்தில் பதினைந்து வெளியே வரும்போது குட்டு உடைந்துவிடும். நறுமணப் பொருள் வாரியம் ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தோடு 2021-ல் ஒப்பந்தம் போட்டு, ஆந்திர மிளகாய், மஞ்சள் விவசாயிகளுக்காக இந்த முயற்சியில் இறங்கியது. நம் மாவட்டத்துக்கும் அது வேண்டும்.

கட்டுரையில் விட்டுப்போன ஒன்றைச் சொல்கிறேன். சென்ற பருவத்தில் ஒரு கமிஷன் கடையில் என் வத்தலை எடை போட்டார்கள். சாம்பிள் என்று மூட்டைக்கு மூட்டை கை நிறைய அள்ளினார்கள், சாக்குக்கென்று தனியாகக் கழித்தார்கள். பென்சிலில் எழுதிக் கொடுத்த துண்டுச்சீட்டில் கடைசி எடை மட்டும்தான் இருந்தது. கழித்தது எத்தனை கிலோ, சோடை, அதாவது தரம் குறைந்த வத்தல், என்று ஒதுக்கியது எத்தனை கிலோ, ஒன்றும் இல்லை. அந்தச் சீட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றினால் பொய் எடை அழிக்கவே முடியாத எடையாகிவிடும். பிளாக்செயின் பதிந்ததைக் காக்கும், அவ்வளவுதான். பதிவது உண்மையா என்று அதற்குத் தெரியாது.

ஆகவே மின்னணுத் தராசிலிருந்து எடை நேராகப் பதிவில் ஏற வேண்டும், நடுவில் யார் கையும் படக் கூடாது. மொத்த எடை, கழிவு, சோடை, விலை நான்கும் தமிழில் குறுஞ்செய்தியாக விவசாயிக்கு வரட்டும். எங்களில் பலரிடம் இருப்பது பட்டன் போன்தான், அதற்கும் அது வந்து சேரும். அவர் சம்மதித்த பிறகே பதிவு முடிய வேண்டும்.

பதிவுக்குப் பட்டா கேட்டு நிற்காதீர்கள் என்பதையும் அழுத்திச் சொல்கிறேன். இங்கே குத்தகைக்கு உழுபவர்கள் நிறையப் பேர். வெயிலில் குனிந்து பழம் பறித்து, களத்தில் புரட்டிப் புரட்டிக் காயவைக்கிற பெண்கள் பலர் பெயரில் ஒரு சென்ட் நிலம்கூடக் கிடையாது. அவர்கள் உழைப்பு வேறொருவர் பெயரில் ஏறினால், சரக்கைக் கிடங்கில் வைத்து, அதற்குத் தரும் ரசீதைக் காட்டி வாங்கும் கடனும் அவர்களுக்குக் கிடைக்காது.

தமிழக மின்ஆளுமை முகமையிடம் 'நம்பிக்கை இணையம்' என்ற பிளாக்செயின் தளம் ஏற்கெனவே இருக்கிறது. வேளாண் விற்பனைத் துறை அதைக் கொண்டு, வருகிற தை மாத அறுவடைக்கே எட்டிவயல் மிளகாய் வணிக வளாகத்தில் ஒரு தராசிலாவது இதைத் தொடங்க வேண்டுமென்று தங்கள் இதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு மிளகாய் விவசாயி,
திருப்புல்லாணி வட்டாரம், ராமநாதபுரம் மாவட்டம்