சிங்கத்துக்கு இன்னொரு காடு வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

குஜராத்தில் 2020இல் 674ஆக இருந்த சிங்கங்களின் எண்ணிக்கை 2025 கணக்கெடுப்பில் 891ஆக உயர்ந்திருப்பது மகிழ்ச்சி தருகிறது. ஆயினும், காட்டில் வாழும் ஆசியச் சிங்கங்கள் அனைத்தும் கிர் காட்டிலும் அதைச் சுற்றியுள்ள சௌராஷ்டிரப் பகுதியிலும் மட்டுமே இருக்கின்றன என்பதை எண்ணும்போது அச்சமே மிஞ்சுகிறது. 2018இல் நாய்களைத் தாக்கும் டிஸ்டெம்பர் வைரஸ் அங்கு பரவிய சில வாரங்களில் 20க்கும் மேற்பட்ட சிங்கங்கள் மடிந்தன. 1994இல் தான்சானியாவின் செரங்கெட்டியில் இதே வைரஸ் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குச் சிங்கங்களைக் கொன்றது.

சில சிங்கங்களை மத்தியப் பிரதேசத்தின் குனோவுக்கு ஆறு மாதங்களுக்குள் மாற்றும்படி உச்ச நீதிமன்றம் 2013 ஏப்ரலில் உத்தரவிட்டும், இன்றுவரை ஒன்றுகூட அங்கு போய்ச் சேரவில்லை. அவற்றுக்காகக் கிராமங்களை இடம்பெயர்த்துத் தயார்செய்த அக்காட்டில் 2022 முதல் ஆப்பிரிக்கச் சிவிங்கிப்புலிகள் வாழ்கின்றன. பர்தா சரணாலயத்தில் சிங்கங்கள் குடியேறியிருப்பது நல்லதே என்றாலும், அதுவும் சௌராஷ்டிரத்துக்குள்தான் இருக்கிறது.

பல்லவர் காலத் தூண்களின் அடியில் பிடரிச் சுருள்களோடு அமர்ந்திருக்கும் சிங்கத்தை மாமல்லபுரத்தில் தொட்டுப் பார்க்கிறோம். சாரநாத் சிங்கங்களை ரூபாய் நோட்டிலும் நாணயத்திலும் நாள்தோறும் கையாள்கிறோம். அடிவயிற்றில் நீளமாகத் தொங்கும் தோல் மடிப்பும், காதுகளை மறைக்காத குட்டைப் பிடரியும் கொண்ட உயிருள்ள ஆசியச் சிங்கத்தின் மீதும் அதே உரிமையுணர்வு நமக்கு வேண்டாமா? உச்ச நீதிமன்ற உத்தரவை நிறைவேற்றுவதற்கான கால அட்டவணையை மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் இனியும் தாமதிக்காமல் வெளியிட வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர், மதுரை