பெயர் சொல்லாமல் சென்ற பெரியவருக்கு நன்றி

ஐயா, இங்கிலாந்தின் கென்ட்டில் நடந்த பழைய இராணுவ வண்டிகளின் கூடுகையில், நாங்கள் ஓய்வு நேரங்களில் சீரமைத்துவரும் யுனிவர்சல் கேரியர் என்ற இரண்டாம் உலகப்போர்க் கவச வண்டி திரும்ப மறுத்து நின்றபோது உதவியவர் நீங்கள். ஸ்டியரிங்கைச் சற்றே திருப்பினால் வண்டியின் குறுக்குக் குழாய் பக்கவாட்டில் நகர்ந்து, சக்கரங்களைச் சுற்றி ஓடும் சங்கிலித் தடத்தையே வளைத்து வண்டியை மெல்லத் திருப்பும். இன்னும் திருப்பினால்தான் ஒரு பக்கத் தடத்துக்கு பிரேக் விழும். வியக்கத்தக்க அந்த அமைப்பின் குழாய் துருவேறி இறுகியிருந்தது.

நாங்கள் கேட்காமலேயே ஈரப் புல்லில் மல்லாந்து படுத்து, குழாயின் முனைகளைச் சூடாக்கி, எண்ணெய் உள்ளே இறங்கும்வரை பொறுமையாகக் காத்திருந்து, சிறு சுத்தியலால் மெல்லத் தட்டித் தட்டியே அதை விடுவித்தீர்கள். எந்த உறுப்பும் சேதமடையவில்லை. பெயரைக் கேட்பதற்குள் கூட்டத்தில் கலந்துவிட்டீர்கள். இப்பதிவு உங்களை எட்டினால் அருள்கூர்ந்து எழுதுங்கள். வண்டியின் முதல் நெடும் ஓட்டத்தில் ஓட்டுநருக்கு அருகிலுள்ள இருக்கை உங்களுக்கே.